கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட திவான்

பெங்களூர் மெஜஸ்டிக்கில் மெட்ரோ ரெயில் ஏறி விதான சவுதா பக்கம் போகிறவர்கள் முதலில் வரும் நிலையத்தின் பெயரைத் தினமும் கேட்கிறார்கள். சர் எம். விசுவேசுவரய்யா நிலையம், சென்டிரல் கல்லூரி. பையப்பனஹள்ளியில் 2022-ம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய ரெயில் முனையத்துக்கும் அவர் பெயர்தான். கஸ்தூர்பா சாலையில் உள்ள அருங்காட்சியகம், பத்ராவதி இரும்பு ஆலை, கர்நாடகத்தின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் அதே பெயர். அவர் பிறந்த செப்டம்பர் 15-ந் தேதியை நாடு முழுவதும் என்ஜினீயர்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

அவர் அணை கட்டியவர் என்பது பலருக்குத் தெரியும். நஷ்டத்தில் கிடந்த ஓர் ஆலையை, சம்பளம் வாங்காமல் தூக்கி நிறுத்திய நிர்வாகி என்பது அவ்வளவாகத் தெரியாது. பெரிய கம்பெனி அதிகாரிகள் இன்று ஆயிரக்கணக்கில் பணம் கட்டிப் படிக்கிற நிர்வாகப் பாடத்தை, அவர் 100 ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்து காட்டினார். அந்தப் பாடம் மிகச் சிறியது. மற்றவனுக்குப் போடுகிற விதியை முதலில் தனக்குப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதே அது.

பாடம் சொல்லிப் படித்தவர்

மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா 1861-ம் ஆண்டு, சிக்கபள்ளாபுரம் அருகே முத்தேனஹள்ளி கிராமத்தில் பிறந்தார். தந்தை சீனிவாச சாஸ்திரி சமஸ்கிருதம் படித்தவர். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். படிப்பு இருந்ததே தவிர, பணம் இல்லை. பையனாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார்.

பெங்களூரில் தாய்மாமன் ராமய்யா இருந்தார். அவரை நம்பி விசுவேசுவரய்யா பட்டணம் வந்தார். சென்டிரல் கல்லூரியில் சேர்ந்தார். செலவுக்குப் பணம் வேண்டுமே? குடகு நாட்டைச் சேர்ந்த ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அந்தப் பணத்தில் தன் படிப்பை நடத்தினார்.

அந்தக் காலத்தில் மைசூர் சமஸ்தானத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் கிடையாது. சென்டிரல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. அதனால் அவர் 1881-ல் வாங்கிய பி.ஏ. பட்டம் சென்னைப் பட்டம்.

அதன் பிறகு மைசூர் அரசு உதவித்தொகை கொடுத்து அவரைப் பூனாவுக்கு அனுப்பியது. அங்கே அறிவியல் கல்லூரியில் என்ஜினீயர் படிப்பு. 1883-ல் தேர்வில் முதல் இடம். பரிசும் கிடைத்தது. 1884-ல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவி என்ஜினீயர் வேலை கிடைத்தது. 

மேலதிகாரி எழுதிய குறிப்பு

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கான்தேஷ் பகுதியில் ஒரு சோதனை வந்தது. பாஞ்சரா என்ற ஆற்றின் குறுக்கே குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டு போகும் வேலை. மழைக்காலம். ஆற்றில் வெள்ளம் வந்து, செய்த வேலையை மணல் மூடிக்கொண்டிருந்தது. மழை நின்ற பிறகு செய்யலாம் என்று அவர் மேலதிகாரிக்கு எழுதினார்.

மேலதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. புதிதாக வந்த பையன் வேலை செய்யத் தயங்குகிறான் என்ற பொருளில் பதில் எழுதினார். உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு குறிப்பு எப்படிச் சுடும் என்று தெரியும்.

விசுவேசுவரய்யா எதிர்த்து மனுப் போடவில்லை. உடைந்துபோய் உட்காரவும் இல்லை. மழையிலேயே இறங்கி வேலையை முடித்தார். தன்னைப் பற்றி எழுதிய குறிப்புக்கு, முடிந்த வேலையையே பதிலாகக் கொடுத்தார். பிற்காலத்தில் தன் வாழ்க்கை நினைவுகளை எழுதியபோதும் இந்த நிகழ்ச்சியை அவர் மறக்கவில்லை.

மணலே வடிகட்டி

சிந்து மாகாணத்தில் சுக்கூர் என்ற ஊர். இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. சிந்து நதி ஊருக்குப் பக்கத்திலேயே ஓடியும் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. ஆற்று நீர் கலங்கிய நீர். வடிகட்டும் தொட்டிகள் கட்ட வேண்டும். அதற்கு நகரசபையிடம் பணம் இல்லை.

அங்கே அனுப்பப்பட்ட விசுவேசுவரய்யா, ஆற்றின் படுகையிலேயே கிணறு தோண்டச் செய்தார். ஆற்று மணல் வழியாகக் கசிந்து வரும் நீர் தானாகவே தெளிந்து கிணற்றில் சேர்ந்தது. அதை இறைத்து மேட்டுக்கு ஏற்றி ஊருக்குக் கொடுத்தார். 1895-ல் வேலை முடிந்தது.

பணம் இல்லை என்று கோப்பை மூடி வைப்பது சுலபம். இருக்கிற பணத்துக்குள் எப்படிச் செய்யலாம் என்று யோசிப்பதுதான் நிர்வாகம்.

பூனா அருகே கடக்வாஸ்லா அணையிலும் அப்படித்தான். ஒவ்வொரு மழைக்காலத்திலும் உபரி நீர் வழிந்து வீணாகப் போனது. அணையை உயர்த்திக் கட்டினால் பெரும் செலவு. விசுவேசுவரய்யா தானாகத் திறந்து மூடும் மதகுகளை வடிவமைத்தார். நீர் குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டினால் மதகு தானே திறக்கும். மட்டம் இறங்கினால் தானே மூடிக்கொள்ளும். 1903-ல் அவை பொருத்தப்பட்டன. அணையை உயர்த்தாமலேயே கூடுதல் தண்ணீர் தேங்கியது.

பதவியை விட்டார்

வேலையில் மளமளவென்று உயர்ந்தார். ஆனால் ஓர் எல்லை இருந்தது. பம்பாய் மாகாணத்தின் தலைமை என்ஜினீயர் நாற்காலி அன்று வெள்ளைக்காரர்களுக்கு உரியது. எவ்வளவு திறமை இருந்தாலும் அதில் தன்னை உட்கார வைக்கமாட்டார்கள் என்பது அவருக்குப் புரிந்தது.

1908-ல், 25 ஆண்டு சர்வீஸ் நிறைவதற்கு முன்பே, அவர் வேலையை விட்டார். அவர் செய்த சேவையை மதித்து அரசு பென்ஷன் கொடுத்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஐதராபாத்தில் மூசி ஆறு பெருக்கெடுத்துப் பல ஆயிரம் பேரைப் பலி கொண்டது. நிஜாம் அரசு விசுவேசுவரய்யாவை அழைத்தது. ஆற்றின் மேல்பகுதியில் அணைகள் கட்டி வெள்ளத்தைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்று அவர் திட்டம் கொடுத்தார். ஐதராபாத் தமிழர்கள் இன்றும் பார்க்கிற உஸ்மான் சாகர், இமாயத் சாகர் ஏரிகள் அந்த யோசனையில் பிறந்தவை.

கண்ணம்பாடி அணை

1909 நவம்பரில் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அவரைத் தலைமை என்ஜினீயராக அழைத்துக்கொண்டார். ரெயில்வே செயலாளர் பொறுப்பும் அவரிடம் வந்தது.

அவர் கையில் எடுத்த பெரிய வேலை, காவிரியின் குறுக்கே கண்ணம்பாடியில் அணை. இன்று கிருஷ்ணராஜ சாகர் என்று அழைக்கப்படும் அணை.

கோலார் தங்க வயலுக்கு 1902 முதல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. கோடையில் காவிரியில் நீர் குறைந்தால் மின்சாரமும் குறையும். சுரங்கத்தின் ஆழத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வடஆர்க்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள். அவர்களை மேலே தூக்கும் எந்திரமும், தண்ணீர் இறைக்கும் எந்திரமும் ஓட மின்சாரம் வேண்டும். நீரைத் தேக்கி வைத்தால் ஆண்டு முழுவதும் மின்சாரம் கிடைக்கும், வயலுக்கும் பாயும் என்பது விசுவேசுவரய்யாவின் கணக்கு.

1911-ல் வேலை தொடங்கியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் உழைத்தார்கள். மலேரியா காய்ச்சல் வாட்டியது. வெள்ளக் காலத்துக்குள் குறிப்பிட்ட உயரம் எழுந்தாக வேண்டும் என்பதால், விளக்கு வெளிச்சத்தில் இரவிலும் வேலை நடந்தது. எந்தப் பகுதியை எந்த நாளில் முடிப்பது, அதற்கு யார் பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு நடத்துவது அவர் வழக்கம்.

இந்த அணையால் சென்னை மாகாணத்துக்குக் கவலை வந்தது. கீழே தஞ்சைக்கு வரும் தண்ணீர் என்னாவது? தகராறு நடுவர் வரை போயிற்று. முதலில் 80 அடி உயரத்துக்கே அனுமதி கிடைத்தது. ஆனால் முழு உயரத்துக்கும் தாங்கும்படி அடித்தளம் போடப்பட்டது. மைசூருக்கு அது தொலைநோக்கு. சென்னைக்கு அது சந்தேகம். 1924-ல் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பிறகு கண்ணம்பாடி முழு உயரத்துக்கு எழுந்தது. தமிழ்நாட்டுப் பக்கம் மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. காவிரி வழக்கு பேசப்படும் போதெல்லாம் அந்த நாட்களின் கதையும் சேர்ந்தே வருகிறது.

உறவினருக்கு ஒரு விருந்து

1912 நவம்பரில் மகாராஜா அவரைத் திவானாக்கினார். சமஸ்தானத்தின் முதல் மந்திரி போன்ற பதவி. ஓர் என்ஜினீயர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அன்று புதுமை.

பதவியை ஏற்பதற்கு முன் உற்றார் உறவினரை எல்லாம் விருந்துக்கு அழைத்தாராம். வயிறாரச் சாப்பிட்ட பிறகு ஒரு நிபந்தனை போட்டாராம். வேலை வேண்டும், சிபாரிசு வேண்டும் என்று எவரும் தன்னிடம் வரக்கூடாது. அதற்குச் சம்மதித்தால்தான் பதவி ஏற்பேன் என்றாராம். பெற்ற தாயிடமும் அதே வாக்கைக் கேட்டு வாங்கினார் என்று சொல்வார்கள். அரசாங்க வேலைக்கு அரசாங்க விளக்கு, சொந்தக் கடிதம் எழுதச் சொந்த விளக்கு என்று அவர் பிரித்து வைத்திருந்த கதை கர்நாடகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஆறு ஆண்டு திவானாக இருந்தார். அந்த ஆறு ஆண்டில் நடந்தவை ஒரு நூற்றாண்டுக்குப் போதும். 1913-ல் மைசூர் வங்கி தொடங்கியது. அது 2017-ல் ஸ்டேட் வங்கியோடு இணைந்தது. 1915-ல் கன்னட சாகித்ய பரிஷத்து. 1916-ல் மைசூர்ப் பல்கலைக்கழகமும், வர்த்தக சபையும். 1917-ல் பெங்களூரில் என்ஜினீயரிங் கல்லூரி.

முதல் உலகப் போர் காரணமாக ஐரோப்பாவுக்கு சந்தனக் கட்டை ஏற்றுமதி நின்றது. கட்டைகள் தேங்கின. நாமே எண்ணெய் எடுத்தால் என்ன என்று ஆலை வைத்தார்கள். அதைத் தொடர்ந்து வந்ததுதான் மைசூர் சாண்டல் சோப்பு. மைசூர் அரசிகெரே ரெயில் பாதை போடப்பட்டதும் அந்தக் காலத்தில்தான்.

அரசாங்க அலுவலகங்களில் அவர் ஒரு புதுப் பழக்கத்தைக் கொண்டுவந்தார். பணக் கணக்கைத் தணிக்கை செய்வதுபோல, வேலைக் கணக்கையும் தணிக்கை செய்யச் சொன்னார். ஒரு கோப்பு எத்தனை நாள் எந்த மேஜையில் தூங்குகிறது, ஏன் தூங்குகிறது என்று பார்ப்பது அந்தத் தணிக்கையின் வேலை. குமாஸ்தாக்களுக்கு அது கசப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் திவானே குறித்த நிமிடத்தில் வந்து உட்கார்ந்தார். தான் பேசப்போகும் பேச்சைக்கூட முன்பே எழுதித் திருத்தி வைத்தார். அதனால் எவராலும் முணுமுணுக்க முடிந்ததே தவிர, மறுக்க முடியவில்லை.

விலகிய காரணம்

1918-ல் அவர் திவான் பதவியை விட்டார். அதன் காரணத்தை மறைத்துவிட்டு அவர் வாழ்க்கையைச் சொல்ல முடியாது.

மைசூர் அரசாங்க உத்தியோகங்களில் பெரும்பாலானவை பிராமணர் கையில் இருந்தன. மற்ற வகுப்பினர் தங்களுக்கும் பங்கு கேட்டார்கள். மகாராஜா, தலைமை நீதிபதி மில்லர் தலைமையில் ஒரு கமிட்டி அமைத்தார். விசுவேசுவரய்யாவுக்கு அதில் உடன்பாடு இல்லை. தகுதி ஒன்றே அளவுகோலாக இருக்க வேண்டும், பின்தங்கியவர்களுக்குக் கல்வியையும் உதவித்தொகையையும் பெருக்கினால் போதும் என்பது அவர் எண்ணம். மகாராஜா தன் முடிவில் உறுதியாக நின்றார். திவான் விலகினார்.

மகாராஜா செய்ததே சரி என்று காலம் காட்டியது. மைசூரில் 1921-ல் இடஒதுக்கீட்டு ஆணை வந்தது. அதே ஆண்டு சென்னையில் நீதிக்கட்சி ஆட்சியும் வகுப்புவாரி ஆணை போட்டது. ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் நேர்மையாக ஓடினால் போதாது, எல்லோரும் கோட்டருகே வந்து நிற்க வழி இருக்க வேண்டும். எத்தனையோ கணக்குகளைச் சரியாகப் போட்ட அந்தப் பெரியவர், இந்தக் கணக்கில் பிழை செய்தார்.

ஆனால் விலகிய விதத்திலும் அவர் குணம் தெரிந்தது. கொள்கை ஒத்துப்போகவில்லை என்றதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருக்கவில்லை. ராஜினாமாக் கடிதம் கொடுக்க அரசாங்கக் காரில் அரண்மனைக்குப் போனவர், திரும்பும்போது சொந்தக் காரில் வந்தார் என்பார்கள்.

நஷ்டத்தில் எரிந்த உலை

திவானாக இருந்தபோது அவர் தொடங்கி வைத்த வேலைகளில் ஒன்று பத்ராவதி இரும்பு ஆலை. மலைநாட்டு மரங்களைக் கரியாக்கி, அந்தக் கரியில் இரும்பு உருக்கும் ஆலை. 1923-ல் உலை எரியத் தொடங்கியது. எரிந்த நேரம் கெட்ட நேரம். போர் முடிந்து உலகமெங்கும் இரும்பு விலை விழுந்துவிட்டது. ஆலை நஷ்டத்தில் ஓடியது. மகாராஜா யானையைக் கட்டித் தீனி போடுகிறார் என்று பேசினார்கள். மூடிவிடலாம் என்ற குரலும் எழுந்தது.

மகாராஜா பழைய திவானை அழைத்தார். மனக்கசப்போடு விலகியவர், இப்போது வந்து நிர்வாகக் குழுத் தலைவராக இருக்க முடியுமா? விசுவேசுவரய்யா வந்தார். அப்போது வயது 60-ஐத் தாண்டிவிட்டது.

முதலில் அவர் தன் சம்பளத்தில் கை வைத்தார். ஆலை லாபம் காட்டும் வரை தனக்குச் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் மற்றச் செலவுகளைப் பார்த்தார். அதிகச் சம்பளம் வாங்கிய வெளிநாட்டு நிபுணர்களின் இடத்தில் நம் நாட்டு என்ஜினீயர்களைப் பழக்கி உட்கார வைத்தார். மரத்தைக் கரியாக்கும்போது புகையாகப் போனதிலிருந்து பொருள்கள் எடுத்து விற்க வழி செய்தார். வெறும் இரும்பாக விற்காமல் குழாய் வார்த்து விற்கும் பிரிவையும் தொடங்கினார்.

1929 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஆலை பிழைத்துக்கொண்டது. அவருக்குச் சேர வேண்டிய பாக்கித் தொகை லட்ச ரூபாய்க்கு மேல் இருந்தது. அந்தக் காலத்து லட்சம்! அதை அவர் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. இளைஞர்கள் கைத்தொழில் கற்க ஒரு பள்ளி வைக்கச் சொன்னார். பெங்களூரில் 1943-ல் தொடங்கிய அந்தப் பள்ளிக்குத் தன் பெயரை வைக்கவும் அவர் சம்மதிக்கவில்லை. மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திரர் பெயரை வைத்தார்கள்.

நஷ்டம் வந்தால் முதலில் அடிமட்டத்துத் தொழிலாளியின் வேலை போவதுதான் எங்கும் வழக்கம். மேலே இருப்பவர் தன் சம்பளத்தை முதலில் நிறுத்தியது பத்ராவதியில் நடந்தது.

கங்கைக் கரையில்

டாட்டா இரும்புக் கம்பெனியின் டைரக்டராக 1927 முதல் 1955 வரை இருந்தார். 1934-ல் இந்தியாவுக்குத் திட்டமிட்ட பொருளாதாரம் பற்றி நூல் எழுதினார். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு மிக முன்பே எழுதிய நூல் அது. 1941-ல் பம்பாயில் அகில இந்திய உற்பத்தியாளர் சங்கத்தைத் தொடங்கினார்.

பீகாரில் கங்கையின் மேல் ரெயிலும் சாலையும் போகும் பாலம் கட்ட வேண்டும். எந்த இடத்தில் என்பதில் போட்டி. இடத்தைத் தேர்ந்து சொல்லும் பொறுப்பை அரசு விசுவேசுவரய்யாவிடம் கொடுத்தது. அவருக்கு 90 வயதைக் கடந்திருந்தது. அந்த வயதிலும் வெயிலில் நதிக்கரையில் நேரில் போய்ப் பார்த்தே முடிவு சொன்னார். மொகாமா பாலம் 1959-ல் திறக்கப்பட்டது. பீகார்ப் பக்கம் ரெயிலில் போய் வருகிறவர்கள் அதன் மேல் கங்கையைக் கடந்திருப்பார்கள்.

1955-ல் அவருக்குப் பாரத ரத்னா பட்டம் கிடைத்தது. பட்டம் கொடுத்ததற்காக அரசைப் புகழ்ந்துகொண்டிருப்பேன் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று பிரதமர் நேருவுக்கு முன்கூட்டியே எழுதினாராம். நேருவும் அதை ஏற்றுக்கொண்டாராம்.

அளவான சாப்பாடு, தவறாத நடை, நேரத்தில் தூக்கம். முதுமையிலும் யாராவது பார்க்க வந்தால் கோட்டு, தலைப்பாகையோடுதான் வருவார். 1962 ஏப்ரலில் பெங்களூரில் காலமானார். 100 வயது நிறைந்திருந்தது. உடல் பிறந்த ஊரான முத்தேனஹள்ளிக்கே போயிற்று. அங்கே அவர் நினைவிடம் இருக்கிறது.

பெங்களூரிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் முத்தேனஹள்ளி போய்விடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போகலாம். பாடம் சொல்லிக் கொடுத்துப் படித்த ஒரு பையன் அங்கிருந்து புறப்பட்டுத்தான் திவான் நாற்காலிக்குப் போனான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அவன் கடிகாரத்துக்குப் பயந்தான், அரசாங்க விளக்குக்குப் பயந்தான், வேறு எவருக்கும் பயப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.